கையெழுத்து வரும் வரை: கதிரியல் முதுநிலைப் பயிற்சியின் மூன்று ஆண்டுகள்

கதிரியல் நோயறிதல் என்பது உடலைத் திறக்காமலே உள்ளே பார்த்து, பார்த்ததை எழுத்தில் சொல்லும் மருத்துவத் துறை. எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர் இத்துறையில் எம்.டி. பட்டம் பெற இந்தியாவில் மூன்று ஆண்டுகள் மருத்துவமனையிலேயே பணியாற்றிக்கொண்டு படிக்க வேண்டும். டி.என்.பி. படிப்புக்கும் அதே மூன்று ஆண்டுகள்தான், டி.எம்.ஆர்.டி. என்ற பட்டயப் படிப்புக்கு இரண்டு. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் இவர்களுக்கு ‘பி.ஜி.’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. வார்டில் இருக்கும் பி.ஜி.யை நோயாளிக்கு நன்றாகத் தெரியும். வீடு திரும்பும்போது தேடிப்போய்ச் சொல்லிக்கொண்டு போவார். கதிரியல் பி.ஜி.யின் முகம் யாருக்கும் நினைவிருப்பதில்லை. இருட்டறை, வயிற்றில் குளிர்ந்த ஜெல், ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்ற குரல், அவ்வளவுதான். ஆனால் அடுத்த அறையில் அறுவை மருத்துவர் கத்தியை எங்கே வைப்பது, வைக்கத்தான் வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் அந்தக் குரலுக்குரியவர் எழுதும் நான்கு வரிகள் முடிவு செய்கின்றன. அந்த நான்கு வரிகளைத் தன் பொறுப்பில் எழுதி, கீழே கையெழுத்திடத் தகுதி பெறுவதுதான் இப்பயிற்சி.

துறையின் வயது அதிகமில்லை. வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895 நவம்பரில். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் தொடங்கியது; கேப்டன் டி. டபிள்யூ. பர்னார்டின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கதிரியல் துறையை வளர்த்தவர் அக்கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் பெயரையே கொண்ட அவருடைய அண்ணன் மகள். அந்தத் தலைமுறையில் படம் எடுப்பதும் கதிரால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தருவதும் ஒரே துறை. பின்னர் சிகிச்சை தனியே பிரிந்தது. ஆனால் படமெடுக்கும் பக்கம் பன்மடங்கு பெருத்தது. 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழுவினர் அல்ட்ராசவுண்டை மகப்பேறு மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவியில் முதல் நோயாளியின் மூளை படமாக்கப்பட்டது. 1973இல் பால் லாட்டர்பர் காந்த ஒத்ததிர்வால் உருவாக்கிய முதல் படத்தை வெளியிட்டார். பர்னார்டு காலத்து மாணவருக்கு ஒரு எக்ஸ்ரே குழாயின் இயற்பியல் தெரிந்தால் போதும். இன்றைய மாணவர் எக்ஸ் கதிர், ஒலி, காந்தம் என ஒன்றோடொன்று உறவில்லாத இயற்பியல்களை, பயிற்சிக் காலம் கூடாமலே, கற்றாக வேண்டியிருக்கிறது. இப்பயிற்சியின் பல நெருக்கடிகளுக்கு இங்கேதான் வேர்.

இடம் கிடைப்பதே பெரிய போட்டி. 200 கேள்விகளும் 800 மதிப்பெண்களும் கொண்ட நீட் பி.ஜி. தேர்வில் முன்வரிசையில் வருபவர்கள் முதலில் எடுத்துவிடும் பாடங்களில் கதிரியலும் ஒன்று. எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ.-செட் என்ற தனித் தேர்வு. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றிவிட்டு அரசு மருத்துவர் ஒதுக்கீட்டில் வருபவர்களும் உண்டு. மாநிலங்கள் அப்படி ஒதுக்கிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் உறுதி செய்தது. ஆகவே ஒரே ஆண்டு வகுப்பில் இருபத்தைந்து வயதுக்காரரும், பத்தாண்டு கிராமப்புறப் பணி முடித்த, பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது வழக்கம். முன்னவருக்குப் பாடப் புத்தகம் விரல் நுனியில் இருக்கும். பின்னவருக்கு மஞ்சள் காமாலையோடு வருபவரைப் பார்த்தவுடன் எங்கே அடைப்பு என்று ஊகிக்கத் தெரியும். இரண்டும் துறைக்குத் தேவை. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொள்ளும் துறைகள் நன்றாக நடக்கின்றன.

வார்டு கிடையாது, நோயாளி கையில் இறப்பதில்லை, வெளியே வேலைக்குக் குறைவில்லை என்ற எண்ணத்தில் இப்பாடத்தை எடுப்பவர்கள் நிறையப் பேர். முதல் மாதத்திலேயே அந்த எண்ணம் கலைகிறது. பொது மருத்துவப் பிரிவில் சேர்ந்தவர் ஹவுஸ் சர்ஜனாகச் செய்த வேலையைத்தான் தொடர்கிறார். கதிரியலில் சேர்ந்தவருக்குப் பழைய திறமை எதுவும் உடனடியாக உதவுவதில்லை. ஊசி போடவும் நாடி பார்க்கவும் தெரிந்தவர், திரையில் சாம்பல் நிறத்தில் ஓடும் ஒரு படத்தில் எது கல்லீரல், எது குடல் என்று தெரியாமல் விழிக்கிறார். எம்.பி.பி.எஸ். படிப்பில் கதிரியலுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால் ஐந்தரை ஆண்டு படித்த மருத்துவர் மறுபடி எழுத்துக்கூட்டத் தொடங்குகிறார்.

மார்பு எக்ஸ்ரே

பெரும்பாலான துறைகளில் தொடக்கம் எக்ஸ்ரே அறையில். மார்பு எக்ஸ்ரேதான் அரிச்சுவடி. படத்தைப் பார்த்தவுடன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் நோயைச் சொல்லிவிட முதலாண்டு மாணவர் துடிப்பார். ஆசிரியர் நிறுத்துவார். பெயர், தேதி, இடது வலது குறி சரியா? மூச்சை இழுத்து எடுத்ததா? மூச்சுக்குழல் நடுவில் இருக்கிறதா? இதயம், நுரையீரல் வேர்கள், நுரையீரல், உதரவிதானம், அதன் கீழே காற்று, எலும்புகள், தோள், மார்பகம் என்று ஒவ்வொரு படத்தையும் ஒரே வரிசையில் பார்க்கப் பழக்குவார்கள். கழுத்தெலும்பின் பின்னால், இதயத்தின் பின்னால், உதரவிதானத்துக்குக் கீழே என்று கட்டிகள் ஒளியும் இடங்களைக் கடைசியில் தனியாக ஒருமுறை பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கதிரியலாளர் பெஞ்சமின் ஃபெல்சன் பரவலாக்கிய ‘சில்லவெட் சைன்’ முதல் ஆண்டில் ஒவ்வொருவரும் வியந்து கற்கும் பாடம். ஒரே அடர்த்தி கொண்ட இரண்டு பொருள்கள் ஒட்டியிருந்தால் அவற்றுக்கு இடையிலுள்ள எல்லைக்கோடு மறைந்துவிடும். வலது நுரையீரலின் நடு மடலில் நிமோனியா என்றால் இதயத்தின் வலது விளிம்பு அழிந்துபோகும். கீழ் மடலில் என்றால் இதய விளிம்பு தெளிவாக இருக்கும், உதரவிதானக் கோடு மறையும். ஒரு தட்டையான படத்திலிருந்து முன்பின் ஆழத்தைச் சொல்லிவிட முடிகிறது என்பதை உணரும் அந்த நாளில்தான் பலருக்கு இத்துறைமேல் உண்மையான பிடிப்பு வருகிறது.

இதே கட்டத்தில் ஃபுளோரோஸ்கோபி அறைப் பணியும் வரும். பேரியம் குடிக்க வைத்து உணவுக்குழாயைப் பார்ப்பது, சிறுநீர்க்குழாய்ச் சுருக்கத்துக்கு எதிர்த்திசையில் மருந்து செலுத்திப் படமெடுப்பது போன்றவை. கழிவறை அமிலத்தைக் குடித்துப் பிழைத்த இளம்பெண்கள் சில வாரம் கழித்து உணவுக்குழாய் சுருங்கி இங்கே வருவார்கள். ஒரு மிடறு பேரியம் நூலிழையாக இறங்குவதைத் திரையில் பார்ப்பவர் அதை எளிதில் மறக்க மாட்டார். குழந்தையில்லாத பெண்களுக்கு எடுக்கும் எச்.எஸ்.ஜி. படத்தை மாதவிலக்கு முடிந்த சில நாள்களுக்குள், கருத்தரித்திருக்க வாய்ப்பில்லாத காலத்தில் எடுக்க வேண்டும். வலியும் கூச்சமும் கலந்த சோதனை அது. இரு கருக்குழாய்கள் வழியாகவும் மருந்து வெளியே சிந்துகிறதா என்று பி.ஜி. திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மேசையில் படுத்திருப்பவர் பி.ஜி.யின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அல்ட்ராசவுண்ட் அறை

இந்தியப் பயிற்சியின் மிகப் பெரிய பகுதியும், இங்கே பயில்பவரை மேலைநாட்டு மாணவரிடமிருந்து வேறுபடுத்துவதும் அல்ட்ராசவுண்ட்தான். அமெரிக்காவில் படத்தை எடுப்பவர் பெரும்பாலும் சோனோகிராபர் என்ற தனித் தொழில்நுட்பர். மருத்துவர் எடுத்த படங்களைப் படித்துச் சொல்கிறார். இங்கே உடல்மேல் வைத்துப் பார்க்கும் புரோபைப் பிடிப்பவரே மருத்துவர். கையும் கண்ணும் ஒருவருடையவை என்பதால் கற்றல் மெதுவாக நடக்கிறது, ஆழமாகவும் நடக்கிறது.

காலை எட்டு மணிக்கு முன்பே வரிசை தொடங்கிவிடும். பித்தப்பை சுருங்காமல் இருக்க வெறும் வயிற்றில் வர வேண்டும். கருப்பையையும் சினைப்பையையும் பார்க்க மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். ‘தண்ணி குடிச்சீங்களா, முட்டுதா?’ என்ற கேள்வி வாசலில் ஓயாமல் ஒலிக்கும். முதலாண்டு பி.ஜி. பக்கத்தில் நின்று பெயரும் அளவும் எழுதிக்கொள்வதோடு ஆரம்பிப்பார். பிறகு வரிசை குறைந்த பிற்பகலில் சீனியர் புரோபைக் கையில் கொடுப்பார். முதல் நாள் சிறுநீரகம் கிடைக்கவே கிடைக்காது. விலா எலும்பின் நிழலும் குடல் காற்றும் திரையை மறைக்கும். சீனியர் வாயால் எதுவும் விளக்காமல், மாணவரின் கைமேல் தன் கையை வைத்து ஒரு விரற்கடை கீழே சாய்ப்பார். அவரை விதை வடிவில் சிறுநீரகம் திரையில் எழுந்து நிற்கும். அந்தச் சாய்வை எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்க முடியாது.

பிறகு ஒவ்வொன்றாக வரும். பித்தப்பைக் கல் என்றால் வெண்மையாகத் தெரியும், பின்னால் நிழல் விழும், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தால் உருளும். உருளாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பாலிப்பாக இருக்கலாம். வீங்கிய குடல்வால் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் பருத்திருக்கும், அழுத்தினால் நசுங்காது. அதைக் கண்டுபிடிக்க வலிக்கும் இடத்திலேயே அழுத்திப் பார்க்க வேண்டும், அதற்கு நோயாளியின் நம்பிக்கை வேண்டும். குழந்தைக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். பல மருத்துவமனைகளில் அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஆசனவாய் வழியாக உப்புநீர் செலுத்தி அதை விடுவித்துவிடுவார்கள். கதறிக்கொண்டு வந்த குழந்தை அமைதியாகி அம்மாவின் தோளில் தூங்குவதைப் பார்ப்பது, நோயாளியோடு உறவில்லாத துறை என்று சொல்லப்படும் இதில் கிடைக்கும் பெரும் மகிழ்ச்சிகளில் ஒன்று.

கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பது தனிப் பயிற்சி. 11 முதல் 14 வாரத்துக்குள் கழுத்துப் பின்புற நீர் அளவு, 18 முதல் 20 வாரத்தையொட்டி உறுப்புகளின் முழுச் சோதனை, பிறகு வளர்ச்சியும் ரத்த ஓட்டமும். மண்டையோடு உருவாகாத கரு ஒன்றைத் திரையில் பார்க்கும் இரண்டாம் ஆண்டு மாணவர், ‘குழந்தை நல்லாயிருக்கா?’ என்ற கேள்விக்கு அந்த நிமிடத்தில் முகம் மாறாமல் இருக்க வேண்டும். உதவிப் பேராசிரியரைக் கூப்பிட்டு உறுதி செய்த பிறகே குடும்பத்திடம் பேச வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், 24 வாரத்தைத் தாண்டிய கடுமையான குறைபாடுகளை மருத்துவக் குழுவின் முடிவுக்கு விடுகிறது. அந்தக் குழு முதலில் கையில் எடுப்பது ஸ்கேன் அறிக்கை. கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பது பல துறைகளில் தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுவதில்லை. சீனியர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்கிறார்கள். இதைப் பயிற்சியின் பெரிய குறையாகவே கருத வேண்டும்.

இந்த அறையின் சுவரில் ஓர் அறிவிப்பு கட்டாயம் இருக்கும்: கருவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படாது. 1994இல் இயற்றப்பட்டு 1996 முதல் நடைமுறையில் இருக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டம் சொல்லால் மட்டுமல்ல, சைகையாலும் வேறெந்த விதத்தாலும் பாலினத்தைத் தெரிவிப்பதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ‘ஃபார்ம் எஃப்’ நிரப்ப வேண்டும். அதில் குறையோ பிழையோ இருந்தாலும் சட்ட மீறலாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்ற பிரிவை எதிர்த்து மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது. எழுத்து வேலை அதிகம் என்ற முணுமுணுப்பு பயிற்சி மருத்துவர்களிடம் உண்டு. உசிலம்பட்டியும் சேலமும் பெண்சிசுக் கொலைக்குப் பெயர்பெற்றிருந்ததையும், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்க வேண்டியிருந்ததையும் அறிந்த மாநிலத்தில், அந்தப் படிவத்தை வெறும் காகிதமாக நினைக்க இடமில்லை.

இரவுப் பணி

சி.டி. அறையின் இயல்பு வேறு. அல்ட்ராசவுண்டில் தேட வேண்டும், சி.டி.யில் எல்லாமே திரையில் இருக்கும், நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்களாக. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரிலான அலகில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. புதிதாகக் கசிந்த ரத்தம் ஏறத்தாழ 50 முதல் 70. ஒரே படத்தை மூளைக்கு, எலும்புக்கு, நுரையீரலுக்கு என்று தனித்தனி ‘விண்டோ’ வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு விண்டோவை மறந்தவர் அதில் மட்டும் தெரியும் நோயையும் விட்டுவிடுவார்.

இரவில் பெரும்பாலும் துறையில் இருப்பது ஒன்றிரண்டு பி.ஜி.க்கள் மட்டும். இரண்டு மணிக்குக் காஷுவாலிட்டியிலிருந்து போன் வரும். ஹெல்மெட் அணியாமல் பைக்கில் விழுந்தவர், நினைவு மங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதே உறவினர் கூட்டமும் வரும். படம் கன்சோலில் வரிவரியாக இறங்குகிறது: மண்டையோட்டை ஒட்டி, இருபுறமும் குவிந்த வில்லை போல வெண்மை. எக்ஸ்ட்ரா டூரல் ரத்தக்கசிவு. நடுக்கோடு எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று அளந்துவிட்டு, அறிக்கை தட்டச்சாகும்வரை காத்திருக்காமல் நரம்பியல் அறுவைப் பிரிவுக்குப் பேசியாக வேண்டும். அதே நேரத்தில் கையடக்கக் கருவியோடு ஃபாஸ்ட் ஸ்கேனுக்கு அழைப்பு வரும்: கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில், மண்ணீரல் ஓரம், இடுப்புக்குள், இதயத்தைச் சுற்றி என நான்கு இடங்களில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரை முறுக்கிக்கொண்ட பையன் வந்தால் கையிலிருப்பது ஏறக்குறைய ஆறு மணி நேரம். பக்கவாதத்தோடு வந்தவருக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடும் வழக்கமான எல்லை நாலரை மணி நேரம். அதற்குள் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். தொடக்க மணி நேரங்களில் பக்கவாதம் சி.டி.யில் சரியாகத் தெரியாமலும் போகும். ஒன்றும் தெரியவில்லை என்று துணிந்து சொல்லவும் பயிற்சி வேண்டும்.

இரவில் எழுதுவது தற்காலிக அறிக்கை. காலையில் பேராசிரியரோ உதவிப் பேராசிரியரோ எல்லாப் படங்களையும் மறுபடி பார்ப்பார். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் வார்டுக்குப் பேசித் திருத்த வேண்டியவர் அதே பி.ஜி.தான். கண் எரிச்சலோடு நிற்கும் அந்த அரை மணி நேரம் கசப்பானது. ஆனால் இப்பயிற்சியில் அதைவிடக் கற்றுத்தரும் நேரம் வேறில்லை. இந்த மறுபார்வை ஒழுங்காக நடக்காத இடத்தில் மாணவர் தன் பிழையை அறியாமலே தன்னம்பிக்கை பெற்றுவிடுகிறார். ஒரு துறையின் தரத்தை அறிய கருவிகளின் எண்ணிக்கையைவிட இந்தக் காலை நேரத்தைப் பார்ப்பது நல்லது.

சி.டி.க்கு அயோடின் கலந்த காண்ட்ராஸ்ட் ஏற்றும்போது பக்கத்தில் இருப்பதும் பி.ஜி.யின் கடமை. கிரியாட்டினின் பார்த்தாயிற்றா, முன்பு ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஊசி. அபூர்வமாக ஒருவருக்கு முகம் தடித்து ரத்த அழுத்தம் சரியும். தொடைத் தசையில் அரை மில்லிகிராம் அட்ரினலின் உடனே போக வேண்டும். கதிரியலாளர் திரைக்குப் பின்னால் மட்டும் இருப்பவர் என்ற எண்ணத்தை அந்த ஒரு நிகழ்ச்சி மாற்றிவிடும்.

காணாமல் விடுதல்

கண் எப்படித் தவறுகிறது என்பதைக் கதிரியல் நீண்ட காலமாகவே தன்மேல் வைத்து ஆராய்ந்து வந்திருக்கிறது. 1940களின் இறுதியில் லியோ கார்லண்டு என்ற அமெரிக்கக் கதிரியலாளர், அனுபவம் மிக்கவர்களும் மார்பு எக்ஸ்ரேயில் இருக்கும் நோயைக் கணிசமான அளவில் தவறவிடுகிறார்கள் என்று காட்டினார். 1975இல் ஹெரால்டு குண்டலும் கால்வின் நோடினும் மார்பு எக்ஸ்ரேக்களை வல்லுநர்களுக்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். அதற்குள்ளேயே ஏறத்தாழ 70 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். தேர்ந்த கண் முதலில் முழுப் படத்தையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொள்கிறது, பிறகுதான் தேடுகிறது. முதலாண்டு மாணவருக்கு இல்லாதது அந்த முதல் வீச்சு. ஆயிரக்கணக்கான இயல்பான படங்களைப் பார்த்த பிறகே அது உருவாகிறது. ‘நார்மல் படத்தை நிறையப் பாருங்கள்’ என்று ஆசிரியர்கள் சலிக்காமல் சொல்வதன் காரணம் இது.

2013இல் வந்த இன்னொரு ஆய்வு பரவலாக அறியப்பட்டது. நுரையீரல் கணுக்களைத் தேடும்படி 24 கதிரியலாளர்களிடம் சி.டி. படங்களைக் கொடுத்து, கடைசி நோயாளியின் படத்துக்குள் ஒரு கொரில்லாப் படத்தைச் செருகினார்கள். கணுவைவிட 48 மடங்கு பெரிய அந்த உருவத்தை 20 பேர் கவனிக்கவில்லை. கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தை நேராகவே பார்த்திருந்தார்கள். தேடுவது மட்டும் கிடைக்கிறது. ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடும் குணத்துக்கும் இத்துறையில் தனிப்பெயர் உண்டு. விலா முறிவைக் கண்ட நிம்மதியில் பக்கத்திலிருக்கும் நுரையீரல் கட்டியை விடுவது அதனால்தான். படம் பார்க்கும் வரிசையை மாற்றாதே என்று முதல் நாளில் சொல்லப்படும் கட்டளை இந்தப் பலவீனத்துக்கு எதிரான வேலி.

அறிக்கையின் மொழியும் அப்படித்தான் கற்கப்படுகிறது. தொடக்கத்தில் மாணவர் கண்ட அனைத்தையும் ஒரு பக்கத்துக்கு எழுதுவார். முடிவில் ஐந்து நோய்களைப் பட்டியலிட்டு ‘மருத்துவ நிலையோடு ஒப்பிடுக’ என்று முடிப்பார். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, எது முதல் சந்தேகம் என்று கேட்பார். மார்பகப் படத்துக்கு பை-ராட்ஸ் என்ற முறை 0 முதல் 6 வரை எண்களைத் தருகிறது. 3 என்றால் குறுகிய இடைவெளியில் மறுபரிசோதனை, 4 என்றால் திசுச் சோதனை. தைராய்டு, கல்லீரல், புரோஸ்டேட் ஆகியவற்றுக்கும் இத்தகைய முறைகள் வந்துவிட்டன. சொல்லில் மழுங்கலாக எழுதித் தப்பித்துக்கொள்ளும் வழியை இவை அடைக்கின்றன. மாணவருக்கு இது பெரிய நன்மை.

எம்.ஆர்.ஐ. பணி பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில். தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. கருவியின் காந்தம் இரவும் பகலும் அணையாது. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் உருளையோடு உள்ளே சென்ற ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். அதனால் வாசலில் நடக்கும் விசாரணை விரிவானது. பேஸ்மேக்கர் உண்டா, பழைய அறுவையில் கிளிப் வைத்தார்களா என்று கேட்டு முடித்தபின் தாலி வரும். தங்கம் காந்தத்தால் இழுக்கப்படாது. தாலிக் கயிற்றில் கோத்திருக்கும் ஊக்குகள் இழுக்கப்படும். கழற்றவே மாட்டேன் என்று நிற்கும் பாட்டியிடம், கணவரையே அழைத்து அவர் கையில் கழற்றிக் கொடுக்கச் சொல்லி வழி காண்பது பயிற்சியில் எழுதப்படாத பாடம்.

கதிர்ப் பாதுகாப்பு குறித்த அச்சம் குடும்பங்களில் நிறைய. உண்மையில் அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அயனியாக்கும் கதிர்வீச்சே இல்லை, சி.டி.யில் பணியாளர் ஈயச் சுவருக்குப் பின்னால் இருக்கிறார். ஃபுளோரோஸ்கோபியிலும் ஊடுருவும் சிகிச்சைகளிலும்தான் கவனம் மிக வேண்டும். ஈய ஏப்ரனுக்கு உள்ளே மார்பில் அணியும், கதிரளவைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவிடப்படுகிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. கருவுற்ற பணியாளர் தெரிவித்த பிறகு, கருவுக்கான எல்லை 1 மில்லிசீவர்ட். பயிற்சிக் காலத்திலேயே தாயாகும் பெண்கள் பலர் இருக்கும் துறையில், பணி அட்டவணையை உடனே மாற்றிக் கொடுப்பது சலுகை அல்ல, விதி.

உடல் நோவு வேறு இடங்களில் வருகிறது. நாளெல்லாம் ஒரு கையை நீட்டிப் புரோபை அழுத்துவதால் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். இருட்டும் குளிரூட்டியும் திரையும் சேர்ந்து கண்ணைக் காயவைக்கும். பணி நேரம் பற்றிய விதி பழையது: மத்திய அரசின் 1992 உறைவிட மருத்துவர் திட்டம் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலைக் கல்வி விதிகள் நியாயமான பணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு என்கின்றன. 24 மணி நேரப் பணி இன்னும் பல இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் எல்லை வாரத்துக்கு 80 மணி; ஆனால் அங்கே கதிரியல் பயிற்சி இன்டர்ன்ஷிப்புக்குப் பின் நான்கு ஆண்டுகள், பிரிட்டனில் ஐந்து. மூன்றே ஆண்டில் அதே பாடத்தை முடிக்கும் இந்திய மாணவர் எண்ணிக்கையில் அதிக நோயாளிகளைப் பார்த்து அந்த இடைவெளியை நிரப்புகிறார். களைப்பில் பார்க்கும் கண் தவறவிடும் என்று அறிந்த ஒரு துறை, தன் மாணவர்களின் தூக்கத்தைப் பற்றி இன்னும் கறாராக இருந்திருக்க வேண்டும்.

இதற்கிடையே ஆய்வேடு எழுத வேண்டும், நெறிக் குழு ஒப்புதல் பெற வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பணியும் கட்டாயம், பெருங்கல்லூரியில் எம்.ஆர்.ஐ. பார்த்துப் பழகியவர் அங்கே ஓர் எக்ஸ்ரேயையும் அல்ட்ராசவுண்டையும் வைத்தே முடிவெடுக்கக் கற்கிறார். ஓய்வு நேரப் படிப்புக்கு, ஆஸ்திரேலிய மருத்துவர் ஃபிராங்க் கெய்லார்டு 2005இல் தொடங்கிய ரேடியோபீடியா இன்று பலருக்குப் பாடநூலைவிட முதலில் திறக்கும் இடம். 2016இல் கணினி அறிஞர் ஜெஃப்ரி ஹின்டன், கதிரியலாளர்களுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தப்படவில்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் காசநோய்க்கான மார்பு எக்ஸ்ரே சோதனையில் கணினி வாசிப்பை ஏற்றுக்கொண்டது. அத்தகைய மென்பொருள் சொல்வதைச் சரிபார்ப்பதும் இப்போது மாணவரின் வேலையாகிறது. எளிய படங்களை இயந்திரம் வாசித்துவிட்டால், இயல்பான ஆயிரம் படங்களைப் பார்த்துக் கண்ணை உருவாக்கிக்கொள்ளும் முதலாண்டுப் பயிற்சி எங்கே நடக்கும் என்பது ஆசிரியர்கள் இப்போதே யோசிக்க வேண்டியது.

இறுதித் தேர்வில் எழுத்துத் தாள்கள் நான்கு. செய்முறையில் நீண்ட கேஸ், குறுங்கேஸ்கள், குறிப்பிட்ட நொடிகளில் படத்தைப் பார்த்துப் பதில் எழுதும் ‘ஸ்பாட்டர்’, கருவிகளும் கதீட்டர்களும் பரப்பிய மேசையில் வைவா. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு படத்தை மாட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பார். மாணவர் முதலில் என்ன சோதனை, எந்தத் தளம், மருந்து ஏற்றியதா என்று சொல்லி, கண்டதை விவரித்து, ஒரு நோயைச் சொல்லி, ஏன் மற்றவை இல்லை என்று காரணம் காட்ட வேண்டும். மூன்று ஆண்டு இரவுப் பணியில் போனில் சொல்லிப் பழகிய அதே ஒழுங்கு.

தேறியவர் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராவதற்கு ஓராண்டு சீனியர் ரெசிடென்ட் பணி வேண்டும். தனியாரில் ஸ்கேன் செய்யப் போகிறவரின் பெயர் முதலில் அந்த மையத்தின் பி.சி.பி.என்.டி.டி. பதிவில் ஏற வேண்டும். 2012இல் வந்த விதிப்படி ஒரு மாவட்டத்துக்குள் இரண்டு மையங்களுக்கு மேல் ஒருவர் பணிபுரிய முடியாது. பெயர் பதிவான பிறகு வரும் முதல் கர்ப்பிணியின் ஃபார்ம் எஃபில், பரிசோதித்த மருத்துவர் என்ற இடத்தில் அவர் தனியாகக் கையெழுத்திடுகிறார்.